ஃபொன்: இத்தாலியரின் ஹேர் டிரையருக்குக் காற்றின் பெயர் வந்தது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் ஹேர் டிரையருக்கு 'ஃபொன்' என்று பெயர். சின்னஞ்சிறு சொல். கடைக்காரரிடமும் ஹோட்டல் வரவேற்பறையிலும் தயங்காமல் சொல்லலாம், எல்லாருக்கும் புரியும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இத்தாலியர்களே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆங்கிலம் என்பார் ஒருவர், கிரேக்கம் என்பார் இன்னொருவர், ஜெர்மன் என்பார் மூன்றாமவர். மூன்றாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஆல்ப்ஸ் மலையை இரண்டு முறை கடக்க வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியச் சொல்லைக் குறிலாக 'ஃபொன்' என்றும், ஜெர்மன் சொல்லை நெடிலாக 'ஃபோன்' என்றும் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஜெர்மன் ஒலியைத் தமிழில் சரியாக எழுத வழியில்லை. 'ஏ' சொல்வதற்கு நாக்கை எப்படி வைப்பீர்களோ அப்படியே வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் 'ஓ' போலக் குவித்துச் சொல்லிப் பாருங்கள். அதுதான் அந்த ஒலி.

சுருக்கமாகச் சொல்லுங்கள். இது இத்தாலியச் சொல்லா, ஜெர்மன் சொல்லா?

வேர் லத்தீன், வழி ஜெர்மன், இன்றைய வீடு இத்தாலியன். பண்டைய ரோமானியர்கள் மேற்கிலிருந்து வீசும் வசந்தகாலக் காற்றை 'ஃபவோனியுஸ்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களின் வாயில் தேய்ந்து, ஜெர்மன் பேசுபவர்களிடம் 'ஃபோன்' என்று ஆனது. அவர்களுக்கு அது மலையிலிருந்து இறங்கும் ஒரு சூடான காற்றின் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரை ஹேர் டிரையருக்கு வைத்தது. கருவி இத்தாலிக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. இத்தாலியர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'ஃபொன்' ஆக்கிக்கொண்டார்கள்.

ஃபவோனியுஸ் என்பது யார்?

காற்றும் அதுதான், காற்றின் தெய்வமும் அதுதான். கிரேக்கர்களின் செஃபிரோஸ் ரோமில் ஃபவோனியுஸ் ஆனார். ரோமானியர்களுக்கு அவர் வரவு நல்ல செய்தி. குளிர்காலம் விட்டது, கப்பல்கள் கடலில் இறங்கலாம், விதைகள் முளைக்கலாம் என்று அர்த்தம். இயற்கையைப் பற்றிப் பெரிய தொகுப்பு எழுதிய பிளினி, இந்தக் காற்று குளிர்கால வானத்தை இளக்கத் தொடங்கும் நாளையே குறித்து வைத்திருக்கிறார்: பிப்ரவரி 8. கவிஞர் ஹொரேஸும் குளிர்காலம் கரைவதைப் பாடும்போது வசந்தத்தையும் ஃபவோனியுஸையும் சேர்த்தே அழைக்கிறார்.

ஏதென்ஸ் நகரில் எட்டு முகங்கள் கொண்ட பழைய காற்றுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் மேற்கு முகத்தில் செஃபிரோஸ் தன் மேலாடை மடிப்பிலிருந்து பூக்களைத் தூவியபடி பறக்கிறார். வடக்கு முகத்தில் வடகாற்று போரெயாஸ் கனத்த ஆடை போர்த்தி, சங்கை ஊதிக்கொண்டு வருகிறார். இரண்டையும் பார்த்தாலே மேற்குக் காற்றை அந்தக் காலத்து மக்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்று புரிந்துவிடும்.

ஃப்ளோரன்ஸ் நகரின் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் பொத்திச்செல்லி வரைந்த வீனஸ் ஓவியம் இருக்கிறது. கடலிலிருந்து சிப்பியின் மேல் எழுந்து வரும் காதல் தெய்வம் வீனஸ். இடப்பக்கம் கன்னத்தை உப்பி ஊதிக்கொண்டிருப்பது இந்த மேற்குக் காற்றுத் தெய்வம்தான். அந்த ஊதலில் வீனஸின் நீண்ட கூந்தல் மறுபக்கமாகப் பறக்கிறது. அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். ஹேர் டிரையரின் பெயருக்கு மூலமான காற்று, ஓர் ஈரக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருக்கிறது! பொத்திச்செல்லிக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. இருந்தாலும் எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடித்தமானது.

ஃபவோனியுஸ் என்ற பெயரின் வேர் என்ன என்று கேட்டால், 'சூடுபடுத்து, இதமாக அணை' என்று பொருள்படும் 'ஃபொவேரே' என்ற லத்தீன் வினையோடு இணைப்பவர்கள் உண்டு. 'ஆதரவு காட்டு' என்ற 'ஃபவேரே'யோடு இணைப்பவர்களும் உண்டு. இரண்டுமே அந்தக் காற்றின் குணத்துக்குப் பொருந்துகின்றன.

ஃபவோனியுஸ் எப்படித் தேய்ந்து ஃபோன் ஆனது? இவ்வளவு எழுத்துகள் எங்கே போயின?

முதலில் போனது நடுவில் உள்ள 'வ'. பேச்சு லத்தீனில் ஓ, உ போன்ற உதடு குவியும் ஒலிகளுக்கு முன்னால் வகரம் நிற்பது கஷ்டம், கரைந்துவிடும். மயிலுக்கு லத்தீனில் 'பாவோ', அதன் மற்ற வேற்றுமைகளில் 'பாவோன்-' என்று வரும். அது பிரெஞ்சில் வகரத்தைத் தொலைத்து 'பான்' என்றும், ருமேனிய மொழியில் 'பவுன்' என்பதற்கு நெருக்கமாகவும் ஒலிக்கிறது. அதே போக்கில் 'ஃபவோனியுஸ்' மக்கள் வாயில் 'ஃபஓனியுஸ்' ஆகியிருக்க வேண்டும் என்று சொற்பிறப்பு அறிஞர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைத்ததல்ல, முன்னும் பின்னும் உள்ள வடிவங்களை வைத்து ஊகித்தது.

அப்புறம் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள். சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில் ரோமான்ஷ் என்ற மொழியை இன்றும் பேசுகிறார்கள். இதுவும் லத்தீனின் பிள்ளைதான். அதன் கிளைமொழிகளில் இந்தக் காற்றுக்கு 'ஃபவுஞ்', 'ஃபுஓஞ்' போன்ற பெயர்கள் இருக்கின்றன. லத்தீன் மூலத்துக்கும் ஜெர்மன் வடிவத்துக்கும் நடுவே நிற்கும் சாட்சி இது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஜெர்மானிய மொழி பேசியவர்கள் காதால் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். இன்றைய ஜெர்மனின் முன்வடிவமான பழைய உயர் ஜெர்மன் ஏடுகளில் 'ஃபோன்னோ' என்ற வடிவம் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து இன்றைய 'ஃபோன்' தூரமில்லை. நெடுங்காலம் இது சுவிஸ் மலைக்காரர்களின் வட்டாரச் சொல்லாகத்தான் இருந்தது. பொது ஜெர்மனுக்குள் பரவலாக நுழைந்தது பிற்காலத்தில்தான்.

இதமான வசந்தக் காற்றின் பெயர், சூடான வறண்ட காற்றுக்கு எப்படிப் போனது?

இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தக் கேள்விதான்.

ரோம் நகரத்துக்கு மேற்கே கடல். அங்கிருந்து வரும் காற்றில் ஈரமும் இதமும் இருக்கும். ஆல்ப்ஸ் மலையின் வடசரிவில் வாழ்பவருக்கு அப்படி ஒரு கடற்காற்று கிடையாது. ஆனால் குளிர்காலத்தை விரட்டும் காற்று ஒன்று அங்கேயும் உண்டு. அது தெற்கிலிருந்து மலை முகட்டைத் தாண்டி இறங்கும். சில மணி நேரத்தில் பனியைக் கரைத்துவிடும். 'பனி தின்னி' என்றே ஜெர்மன் பேசும் மக்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ரோமானியர் 'ஃபவோனியுஸ்' என்று சொன்னபோது மனதில் இருந்தது திசை மட்டுமல்ல, குளிர் போகிறது என்ற நிம்மதியும்தான். மலைவாசிகள் அந்த நிம்மதியைத் தந்த காற்றுக்கு அதே பெயரை வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். திசை மாறியது, குணம் பாதி மாறியது, வேலை மட்டும் மாறவில்லை.

திசை விஷயம் இன்னும் சுவாரசியமானது. ரோமில் இது மேற்குக் காற்று. சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்திலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்திலும் இது தெற்கிலிருந்து வரும் காற்று. ஆல்ப்ஸின் தென்சரிவில், இத்தாலியன் பேசும் சுவிஸ் மாநிலமான திச்சீனோவில், 'ஃபவோனியோ' என்றால் வடக்கிலிருந்து இறங்கும் காற்று. மூலம் ஒன்றுதான், காற்று மூன்று திசைகளிலிருந்து வருகிறது. ஆல்ப்ஸில் இந்தப் பெயர் திசையை விட்டுவிட்டு ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொண்டது: மலையைத் தாண்டி இறங்கிச் சூடாகும் காற்று எதுவானாலும் அந்தப் பெயர்தான். இன்று வானிலையியலில் உலகம் முழுவதும், ஆண்டீஸ் மலையானாலும் ராக்கி மலையானாலும், இந்த வகைக் காற்றுக்குப் பொதுப்பெயர் 'ஃபோன் காற்று'தான்.

மலையைத் தாண்டிய காற்று ஏன் சூடாகிறது? மலை உச்சி குளிர்தானே?

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது பெரிய புதிர். சஹாரா பாலைவனத்தின் சூடு மத்தியதரைக் கடலைத் தாண்டி வருகிறது என்று அறிஞர்களே வாதிட்டார்கள். 1866-இல் ஆஸ்திரிய வானிலையியலாளர் யூலியுஸ் ஹான் அதற்குச் சரியான விளக்கம் கொடுத்தார்: சூடு எங்கிருந்தும் வருவதில்லை, கீழே இறங்கும்போது காற்றுக்குள்ளேயே உண்டாகிறது.

காற்று மேலே ஏறினால் அழுத்தம் குறையும், காற்று விரிந்து குளிரும். கீழே இறங்கினால் அழுத்தம் கூடும், காற்று நெருங்கிச் சூடேறும். ஈரமில்லாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் மாறும். ஈரம் நிறைந்து மேகமாகிக்கொண்டிருக்கும் காற்று அப்படியல்ல. நீராவி துளியாகும்போது சூட்டை வெளியிடுவதால் அது மெதுவாகக் குளிரும், கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரக்காற்று 10 டிகிரியில் கிளம்பி 2.5 கிலோமீட்டர் ஏறுகிறது. உச்சியில் அதன் வெப்பநிலை மைனஸ் 5. வழியெல்லாம் மழையாகவும் பனியாகவும் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டது. இப்போது வறண்ட காற்றாக மறுபக்கம் அதே 2.5 கிலோமீட்டர் இறங்குகிறது. 25 டிகிரி கூடும். அடிவாரத்துக்கு வரும்போது 20 டிகிரி. கிளம்பியதைவிட 10 டிகிரி சூடு, ஈரமோ கொஞ்சம்தான். நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. சில நாட்களில் ஒரு பக்கம் மழையே பெய்யாமல், உயரத்தில் இருக்கும் வறண்ட காற்று நேராக இறங்கியும் ஃபோன் உண்டாகும். இறங்கும்போது சூடாவது மட்டும் எப்போதும் பொது.

மழை கொட்டும் பக்கத்து மேகங்கள் முகட்டின் மேல் சுவர் போல நிற்பதை அடிவாரத்திலிருந்தே பார்க்கலாம். அதற்கு 'ஃபோன் மதில்' என்று பெயர். மதிலுக்கு இந்தப் பக்கம் நீலவானம்.

அந்தக் காற்றைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்?

விருப்பமும் பயமும் கலந்து. பனி கரையும், புல் முளைக்கும், திராட்சையும் மக்காச்சோளமும் பழுக்கும். அதே நேரம் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அந்தக் காற்றைத்தான் குறை சொல்வார்கள். 'ஃபோன் நோய்' என்றே ஜெர்மனில் ஒரு சொல் உண்டு.

உண்மையான பயம் நெருப்பு. 1861 மே 10 இரவு, சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரில் ஒரு தீ பிடித்தது. ஃபோன் வீசிக்கொண்டிருந்த இரவு அது. விடிவதற்குள் ஏறக்குறைய 600 கட்டடங்கள் எரிந்துபோயின, ஊரின் பெரும்பகுதியே சாம்பல். பிறகு புதிதாக, நேர்நேரான அகலத் தெருக்களோடு ஊரைக் கட்டினார்கள். ஃபோன் வீசும் பள்ளத்தாக்குகளில் காற்று கிளம்பினால் தெருத்தெருவாகக் காவல் சுற்றுவதும், வெளியில் புகைபிடிப்பதையும் அடுப்பு மூட்டுவதையும் தடுப்பதும் வழக்கமாக இருந்தது. இந்தக் காவலுக்கும் 'ஃபோன் காவல்' என்று தனிப்பெயர்.

காற்றின் பெயரை ஹேர் டிரையருக்கு வைத்தது யார்?

கருவி முதலில், பெயர் பிறகு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்ஸாந்த்ர் கோதஃப்ருவா என்ற பிரெஞ்சு முடிதிருத்துநர் சூடான காற்றால் தலைமுடி உலர்த்தும் சாதனம் ஒன்றை உருவாக்கினார். அடுப்பின் சூட்டைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் பெரிய அமைப்பு அது, கையில் பிடிக்கும் பொருளல்ல.

கையில் பிடிக்கும் மின்சாரக் கருவி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்தது. பெர்லினில் மின் மருத்துவக் கருவிகள் செய்துகொண்டிருந்த சானிட்டாஸ் என்ற நிறுவனம் 1908-09 வாக்கில் 'ஃபோன்' என்ற பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்தது. காற்றின் பெயரில் இருக்கும் எச் என்ற எழுத்தை முத்திரையில் விட்டுவிட்டார்கள். பின்னாளில் அந்த முத்திரை ஏஇஜி என்ற ஜெர்மன் மின்கருவி நிறுவனத்தின் கைக்குப் போனது. அதனால்தான் பல இடங்களில் ஏஇஜியின் பெயரே முதலாகச் சொல்லப்படுகிறது.

நாம் எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் நகல் எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்கிறோமே, அப்படித்தான் அங்கேயும் நடந்தது. எந்த நிறுவனம் செய்த ஹேர் டிரையரானாலும் ஜெர்மனியில் 'ஃபோன்'. தலைமுடி உலர்த்துவதற்கு 'ஃபோனென்' என்று வினைச்சொல்லும் வந்துவிட்டது. 1996-இல் ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தம் நடந்தபோது, காற்றுக்கும் கருவிக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவானது. இன்று இரண்டிலும் எச் உண்டு. எச் இல்லாத வடிவம் முத்திரைக்கு மட்டும்.

கருவி நிஜமாகவே அந்தக் காற்றைப் போல வேலை செய்கிறதா, அல்லது விளம்பரத்துக்கு வைத்த பெயரா?

நல்ல பெயர் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோன் காற்று பனியைத் தின்பதற்கு அதன் சூடு மட்டும் காரணமல்ல, வறட்சியும் காரணம். ஹேர் டிரையரிலும் அதே கதை. அறைக்காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் இருக்கும் மின்கம்பிச் சுருள் அந்தக் காற்றை 70 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரைக்கூட வெளியே எடுக்காமலேயே அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 6 விழுக்காடாகக் குறைந்துவிடும். சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும் என்பதால் அது முடியில் உள்ள ஈரத்தை ஆவலாக வாங்கிக்கொள்கிறது. ஈரமான காற்றை விசிறி அந்த இடத்தைவிட்டு நகர்த்துகிறது, புது வறண்ட காற்று வருகிறது. மலை தன் உயரத்தால் செய்வதைக் கருவி மின்சாரத்தால் செய்கிறது.

பல இத்தாலியர்கள் இதை 'பி-எச்' போட்டு எழுதுகிறார்களே. எது சரி?

'எஃப்-ஓ-என்' என்று எழுதுவதே நல்லது. இத்தாலிய அகராதிகள் ஃபொன் என்பதை ஜெர்மன் சொல்லின் இத்தாலிய வடிவமாகத் தருகின்றன. 'பி-எச்-ஓ-என்' என்ற எழுத்துக்கூட்டலும் கடைகளிலும் பெட்டிகளிலும் ஏராளம், அகராதிகளும் அதைக் குறிப்பிடுகின்றன. ஜெர்மன் எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

பி-எச் வடிவத்தில் எனக்கு இருக்கும் குறை இதுதான்: அது ஜெர்மனும் அல்ல, இத்தாலியனும் அல்ல. ஜெர்மன் சொல் எஃப்-இல்தான் தொடங்குகிறது. இத்தாலியனோ, கிரேக்கத்திலிருந்து பி-எச் உடன் வந்த சொற்களைக்கூட எஃப் போட்டு எழுதும் மொழி. தத்துவத்துக்கு 'ஃபிலொசொஃபியா', மருந்துக்கடைக்கு 'ஃபர்மச்சீயா', இரண்டிலும் எஃப்தான். கிரேக்கச் சொற்களுக்கே கொடுக்காத பி-எச்-ஐ, கிரேக்கத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சொல்லுக்குக் கொடுப்பதில் நியாயம் இல்லை. வெளிநாட்டுப் பொருள் என்ற தோற்றம் வேண்டியதால் அந்த எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது ஒட்டியதால்தான் சொல்லின் மூலம் பலருக்கும் மறைந்துபோனது. கிரேக்கமோ ஆங்கிலமோ என்று மக்கள் நினைப்பதற்குக் காரணமும் இந்த எழுத்துதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒலியியலில் ஓசை எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதை அளக்க 'ஃபோன்' என்ற அலகு இருக்கிறது. அது 'குரல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அதற்கு பி-எச் உரியது. ஹேர் டிரையருக்கு அதே எழுத்தைப் போட்டால் இரண்டு வேறு சொற்கள் ஒன்றாகத் தெரியும்.

அப்படியானால் தொலைபேசியோடு எந்தச் சம்பந்தமும் இல்லையா?

இல்லை. தொலைபேசிக்கு இத்தாலியில் 'தெலேஃபொனோ'. அதன் பின்பாதி மேலே சொன்ன கிரேக்கக் குரல். ஹேர் டிரையர் ரோமானியக் காற்று. ஒலி மட்டும் ஒத்துப்போகிறது.

கோத்திக் மொழியில் 'ஃபோன்' என்றால் நெருப்பு என்று படித்தேன். அதிலிருந்து வந்திருக்கலாமே?

கோத்திக் என்பது மறைந்துபோன ஒரு பழைய ஜெர்மானிய மொழி. அதில் அந்தச் சொல்லும் அந்தப் பொருளும் உண்மை. சூடான காற்று, நெருப்பு என்று பொருளும் ஒட்டுவது போலத் தெரியும். ஆனால் ஆல்ப்ஸ் காற்றின் பெயர் பிழைத்திருந்தது லத்தீன் வழிவந்த மொழிகளின் பள்ளத்தாக்குகளில், அவற்றை ஒட்டிய ஜெர்மன் ஊர்களில். ரோமான்ஷ் வடிவங்களில் லத்தீன் மூலத்தின் உடல் அப்படியே தெரிகிறது. நெருப்பு என்று தொடங்கினால் அந்த வடிவங்களை விளக்கவே முடியாது.

இத்தாலியனில் 'ஃபொன்' தவிர வேறு சொல் இல்லையா?

உண்டு: 'அஷ்ஷூகாகபெல்லி'. 'அஷ்ஷூகா' என்றால் உலர்த்துவது, 'கபெல்லி' என்றால் தலைமுடி. அச்சிலும் கையேடுகளிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும், பேச்சில் ஃபொன் எளிது. இதே அச்சில் வார்த்த சொல் துண்டைக் குறிக்கும் 'அஷ்ஷுகமானோ', அதாவது கை உலர்த்துவது.

'கபெல்லி'யில் பகரத்தை அழுத்தாமல் சொல்லுங்கள். 'கப்பெல்லி' என்று இரட்டித்தால் தொப்பிகள் என்று அர்த்தம் மாறிவிடும்.

உலர்த்துவதைக் குறிக்கும் 'அஷ்ஷுகாரே' என்ற வினைக்கும் ஒரு கதை உண்டு. பிற்கால லத்தீனில் அது 'எக்ஸூகாரே'. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'சூகுஸ்' என்றால் சாறு. சாற்றை வெளியே எடுப்பது. இத்தாலியர்கள் காலையில் குடிக்கும் பழச்சாறு 'சுக்கோ'வும் அதே சூகுஸ் வழிவந்ததுதான்.

ஃபவோனியுஸ் என்ற பழைய பெயர் இத்தாலியில் அடியோடு மறைந்துவிட்டதா?

இல்லை. 'ஃபவோனியோ' என்ற வடிவத்தில் இன்றும் இருக்கிறது. கவிதையில் அது மென்காற்று. திச்சீனோவில் வானிலை அறிக்கையிலேயே வரும் அன்றாடச் சொல். இத்தாலியின் தென்கிழக்கில் புல்யா மாநிலத்தின் ஃபோஜா சமவெளியில், கோடையில் அடிக்கும் அனல்காற்றுக்கும் ஃபவோனியோ என்றுதான் பெயர்.

ஆக, ஒரே லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியனுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று வீட்டிலேயே வளர்ந்த ஃபவோனியோ, இன்னொன்று வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய ஃபொன். ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு வழிகளில் வந்த இத்தகைய இரட்டைகளை இத்தாலிய மொழியியலாளர்கள் 'அல்லோத்ரொபி' என்பார்கள். வெளியே போய்த் திரும்பி வரும் சொல்லுக்கு 'திரும்பி வந்த குதிரை' என்று பொருள்படும் ஒரு பெயரும் அவர்களிடம் உண்டு. கறாராகப் பார்த்தால், அது இத்தாலியனாகப் புறப்பட்டு இத்தாலியனுக்கே திரும்பும் சொற்களுக்கு உரியது. நம் சொல் புறப்பட்டபோது லத்தீனாக இருந்தது.

வேறு மொழிகளும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டனவா?

நிறைய. ரஷ்யன், உக்ரேனியன், செர்பியன், குரோஷியன், ஸ்லோவேனியன், ஹீப்ரு மொழிகளில் 'ஃபென்' அல்லது அதற்கு நெருக்கம். செக் மொழியில் நெடிலோடு 'ஃபேன்'. துருக்கி மொழிக்கும் சுவீடிஷுக்கும் அந்த ஜெர்மன் உயிரொலி சொந்தமாகவே இருப்பதால் மாற்றமின்றி வைத்துக்கொண்டன. டச்சுக்காரர்கள் ஜெர்மன் எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துகிறார்கள். பிரான்சில் 'செஷ் ஷெவெ', அதாவது முடி உலர்த்துவது. ஆனால் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதிக்குப் போனால் அங்கே காற்றின் பெயர்தான். ஸ்பானியர்கள் 'செகதோர்' என்று தங்கள் சொல்லோடு நின்றுவிட்டார்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஜெர்மன் உயிரொலி இல்லாத மொழிகளில் சில அதை 'எ' பக்கம் தள்ளின, இத்தாலியன் 'ஒ' பக்கம் தள்ளியது. மூல லத்தீனில் இருந்ததும் 'ஓ'தான். தெரியாமலேயே இத்தாலியர்கள் பழைய உயிரெழுத்தை மீட்டுவிட்டார்கள்.

சிகையலங்காரத்தில் பயன்படும் மற்ற கருவிகளின் பெயர்களும் இப்படித்தானா?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னருக்கு 'பியாஸ்த்ரா', தகடு என்று அர்த்தம். மத்தியதரைக் கடல் நாடுகளின் 'பியாஸ்தர்' நாணயமும் அதே சொல்லிலிருந்து வந்தது, வெள்ளித் தகடு என்பதால். சுருள் போடும் உருளைக்கு 'பிகொதீனோ', இது பிரெஞ்சிலிருந்து. சீப்புக்கு 'பெத்தினே', நேராக லத்தீன் 'பெக்தென்'. பார்லரில் தலைக்கு மேல் கவிழ்த்து வைக்கும் பெரிய டிரையருக்கு 'காஸ்கோ', தலைக்கவசம். இவற்றில் எதுவும் ஃபொன் அளவுக்கு ஊர் சுற்றவில்லை.

பன்மையில் எப்படிச் சொல்வது? ஊருக்குப் போனால் எப்படிக் கேட்பது?

ஃபொன் ஆண்பால் சொல், பன்மையிலும் மாறாது. ஒருமையில் 'இல் ஃபொன்', பன்மையில் 'இ ஃபொன்'. அஷ்ஷூகாகபெல்லியும் பன்மையில் மாறாது, ஆனால் உயிரெழுத்தில் தொடங்குவதால் பன்மைக்கு முன்னால் 'ல்யி' வரும்.

ஹோட்டலில் கேட்க வேண்டுமென்றால்: 'சே உன் ஃபொன் இன் காமெரா?' அறையில் ஹேர் டிரையர் இருக்கிறதா என்று அர்த்தம். 'காமெரா' என்பது இங்கே அறை, படம் எடுக்கும் கருவி அல்ல. ஃபொன்னில் ஒகரத்தை நீட்டாமல், வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து குறிலாகச் சொல்லுங்கள்.